போலி ஆய்விதழ்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னோடு ஒரே துறையில் பணியாற்றும் ஒருவர் ஆழ்ந்த படிப்பாளி, மாணவர்கள் மதிக்கும் ஆசிரியர். கடந்த ஓராண்டில் அவர் வெளியிட்ட மூன்று கட்டுரைகளும், அனுப்பிய ஒரு வாரத்துக்குள் பணம் பெற்றுக்கொண்டு வெளியிடும் இதழ்களில் வந்திருக்கின்றன. அவை போலியானவை என்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தேதான் செய்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. கற்றறிந்தவர்கள் ஏன் இப்படிப்பட்ட இதழ்களில் எழுதுகிறார்கள்? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கல்லூரி ஆசிரியை ஒருவர்)

பதில்: தெரியாமல் ஏமாந்தாரா, தெரிந்தே செய்தாரா என்ற இரண்டு வாய்ப்புகளை மட்டும் நீங்கள் முன்வைக்கிறீர்கள். இவ்விரண்டுக்கும் இடையில், மனத்தில் ஐயம் எழுந்த பிறகும் அதை மேற்கொண்டு விசாரிக்காமல் விட்டுவிடுகிற ஒரு நிலை இருக்கிறது. இத்தகைய இதழ்களில் எழுதியவர்களுள் நான் பேசிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருந்தார்கள். அவர்களை அங்கே கொண்டு நிறுத்தியது எது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கல்வியுலகில் ‘பிரிடேட்டரி ஜர்னல்’ எனப்படுவதைத்தான் தமிழில் போலி ஆய்விதழ் என்று சொல்லி வருகிறோம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல், 2010-ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஆங்கிலப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பத்து நாடுகளைச் சேர்ந்த 43 பேர் கலந்து பேசி உருவாக்கி, 2019 டிசம்பரில் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் வெளியான வரையறை, அறிவுப்பணியைப் பலிகொடுத்துத் தன்னலத்தை முன்னிறுத்துவது, பொய்யான தகவல்களைத் தருவது, பதிப்பு நெறிகளிலிருந்து விலகுவது, வெளிப்படையாக நடந்துகொள்ளாதது, வரைமுறையின்றிக் கட்டுரை கேட்டு அழைப்பு விடுத்துக்கொண்டே இருப்பது ஆகியவற்றை இவற்றின் அடையாளங்களாகக் கூறுகிறது. எளிமையாகச் சொன்னால், ஓர் ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை அதே துறையில் உழைக்கும் வேறு இருவரோ மூவரோ படித்துக் குறை கண்டு, திருத்தச் சொல்லியோ மறுத்தோ கருத்துரைக்க வேண்டும். போலி இதழ் அந்த மதிப்பாய்வைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டு, செய்யாமலேயே கட்டணத்தைப் பெற்று வெளியிட்டுவிடுகிறது.

உண்மையிலேயே ஏமாந்தவர்கள் குறைவானவர்கள் அல்லர். முதல் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வு மாணவருக்கு ஒரு நாள் மின்னஞ்சல் வருகிறது. ‘மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு’ என்று தொடங்கும் அந்தக் கடிதம், அவர் முன்பு ஒரு கருத்தரங்கில் படித்த கட்டுரையின் தலைப்பைக் குறிப்பிட்டுப் பாராட்டுகிறது. அடுத்த இதழில் ஒரே ஓர் இடம் மீதமிருப்பதாகச் சொல்கிறது. இதழின் பெயருக்கும் அத்துறையில் எல்லோரும் அறிந்த ஓர் இதழின் பெயருக்கும் ஒரு சொல்தான் வேறுபாடு. வலைத்தளத்தைத் திறந்தால் ஆசிரியர் குழுவில் பெரிய பெயர்கள், ஐ.எஸ்.எஸ்.என். எண், ஏதோ ஒரு நிறுவனம் வழங்கியதாகக் காட்டப்படும் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் எண்) மதிப்பு எல்லாம் இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் சிலருக்குத் தாங்கள் அக்குழுவில் இருப்பதே தெரியாது என்பதையும், ஐ.எஸ்.எஸ்.என். என்பது இதழுக்கான அடையாள எண் மட்டுமே, தரத்துக்கு அது சான்றாகாது என்பதையும் அந்த மாணவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருப்பதில்லை. இன்னும் துணிந்தவர்கள், உண்மையான இதழின் பெயரிலேயே போலி வலைத்தளம் அமைத்துக் கட்டணம் வசூலிக்கிறார்கள். ஆஸ்திரியாவின் ‘வுல்ஃபேனியா’ என்ற தாவரவியல் இதழின் பெயர் இப்படித்தான் களவாடப்பட்டது.

இந்த ஏமாற்று நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், நூற்றுக்கணக்கான இதழ்களை நடத்திவந்த ‘ஓமிக்ஸ்’ குழுமத்தின்மீது 2016-இல் வழக்குத் தொடுத்தது. நடக்காத மதிப்பாய்வை நடந்ததாகச் சொன்னது, ஒப்புதல் தராத அறிஞர்களை ஆசிரியர் குழுவினராகக் காட்டியது, கட்டணத்தை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாமல் மறைத்தது ஆகியவை அதில் எழுந்த குற்றச்சாட்டுகள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அக்குழுமத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்து, 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு ஆணையிட்டது.

ஆனால் ஒரு முறை ஏமாந்தவர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே வழியில் போவதற்கு அறியாமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. அங்கேதான் காலக்கெடு என்ற பெரும் நெருக்கடியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நல்ல இதழுக்குக் கட்டுரை அனுப்பினால் முதல் மறுமொழி வரவே சில மாதங்கள் ஆகலாம். திருத்தமும் மறுமதிப்பாய்வும் முடிந்து வெளிவர ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. அவ்வளவு காலம் காத்திருந்த பிறகும் ஏற்க இயலவில்லை என்ற ஒற்றை வரி வரக்கூடும், அப்போது வேறோர் இதழின் வாசலில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது நெறியன்று. மறுபக்கத்தில், ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் இத்தனை கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் விதித்திருக்கின்றன. உதவித்தொகை எந்த மாதத்தோடு நிற்கும் என்பது மாணவருக்குத் தெரியும். பணி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியருக்கும் கடைசித் தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. நேர்மையான இதழ் தேதி எதையும் உறுதியாகச் சொல்லாது. போலி இதழோ ‘ஏழு நாளில் ஏற்புக் கடிதம்’ என்று எழுத்திலேயே உறுதி தருகிறது. காலக்கெடுவுக்கு அஞ்சி நிற்பவருக்கு அந்த ஏழு நாள்தான் விற்கப்படும் பண்டம் என்று நான் நினைக்கிறேன்.

காலத்தோடு சேர்ந்து மனக்காயமும் இருக்கிறது. இத்தகைய இதழ்களில் எழுதியவர்களையே அணுகிக் காரணம் கேட்ட ஓர் ஆய்வு 2018-இல் ‘லேர்ன்ட் பப்ளிஷிங்’ இதழில் வெளியானது. அறியாமை, வெளியீட்டு அழுத்தம், ஆய்வுத் திறனில் குறை ஆகிய மூன்றையும் நாம் எளிதில் ஊகித்துவிடலாம். நான்காவதாக அது குறிப்பிட்டது, தாங்கள் யார் என்பதைப் பார்த்தே ஒதுக்கப்படுவோம் என்ற அச்சம். வளர்ந்த நாடுகளின் புகழ்பெற்ற இதழ்கள் தங்கள் பெயரையும் நிறுவனத்தையும் கண்டதுமே கட்டுரையைத் தள்ளிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலம் பிழையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நல்ல தரவுகளைக் கொண்ட கட்டுரை படிக்கப்படாமலே திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று முறை அப்படித் திரும்பி வந்த ஒருவருக்கு, ‘தங்கள் மதிப்பு வாய்ந்த ஆய்வை வரவேற்கிறோம்’ என்ற கடிதம் வரும்போது, அதைச் சோதித்துப் பார்க்கும் மனநிலை அவருக்கு இருப்பதில்லை.

தெரிந்தே செய்பவர்களும் இருக்கிறார்கள். கனடாவில் ஒரு சிறிய வணிகவியல் கல்வி நிறுவனத்தைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வொன்று, அங்கு ஆய்வுப் பொறுப்புடைய ஆசிரியர்களில் பெரும்பாலோர் இத்தகைய இதழ்களில் எழுதியிருந்ததையும், அப்படி எழுதியதற்கும் அவர்கள் பெற்ற பலன்களுக்கும் தொடர்பு இருந்ததையும் காட்டியது. தண்டனை இல்லாததோடு பலனும் கிடைக்கிற இடத்தில், தவறு என்று தெரிந்தாலும் அது வழக்கமாகிவிடுகிறது. கூட்டாசிரியராகப் பெயர் சேர்க்கப்பட்டவர்கள் கேள்வி கேட்பதில்லை, துறைத்தலைவர் ஆண்டறிக்கையில் எண்ணிக்கை உயர்ந்ததைப் பார்த்து மகிழ்கிறார், நிறுவனம் அந்த எண்ணிக்கையைத் தன் தரவரிசைக்கான விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்கிறது.

நான் ஒரு தேர்வுக் குழுவில் உறுப்பினராக இருந்த அனுபவத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் முன் வைக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்தின் பின்னாலும் கட்டுரைகளின் நகல்கள் கட்டாகக் கோக்கப்பட்டிருந்தன. கட்டுரைக்கு இத்தனை மதிப்பெண், முதல் ஆசிரியராக இருந்தால் இத்தனை, இணையாசிரியராக இருந்தால் இத்தனை என்று ஓர் அட்டவணை தரப்பட்டது. ஒரு நாள் முழுவதும் அந்த அட்டவணையை நிரப்பினோம். ஒரு கட்டுரையைக்கூட, அதன் சுருக்கத்தைக்கூட, நாங்கள் யாரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அன்று எங்களிடம் அதிக மதிப்பெண் பெற்றவர் எழுதிய இதழ்களின் பெயர்களைப் பல மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தபோது, அவற்றில் பாதிக்கு மேல் நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கும் வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. குறைந்த மதிப்பெண் பெற்றுத் திரும்பிப் போனவர், நான்கு ஆண்டுகள் உழைத்து ஒரே ஒரு நல்ல கட்டுரை எழுதியவர். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் வெட்கப்படுகிறேன். கட்டுரையை எழுதியவரைக் காட்டிலும், அதைப் படிக்காமல் எண்ணிய நாங்கள்தான் அந்தச் சந்தைக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துக் கொடுத்தோம் என்று உறுதியாக நம்புகிறேன்.

எனவே உங்கள் சக ஆசிரியரைப் பற்றி முடிவு செய்வதற்கு முன், உங்கள் நிறுவனத்தில் அவருடைய மூன்று கட்டுரைகளையும் யாராவது படித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் அவற்றைப் படித்துவிட்டு, உள்ளடக்கத்தைப் பற்றி அவரிடம் பேசினால் அவர் மனம் திறந்து பேசக்கூடும் என்பது என் எண்ணம். இதழைப் பற்றிய பேச்சு அதன்பின் தானாக வரும்.

கேள்வி: பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை வெளியிடும் இதழ்கள் எல்லாமே போலியானவைதானா?

பதில்: இல்லை. இந்தக் குழப்பத்தால் நேர்மையான பல இதழ்களுக்குக் கெட்ட பெயர் வந்திருக்கிறது. முன்பு ஆய்விதழ்கள் சந்தாவில் நடந்தன. நூலகங்கள் பணம் கட்டின, பணம் கட்ட இயலாதவர்கள் படிக்க முடியவில்லை. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வை எல்லோரும் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு எழுந்ததுதான் ‘ஓப்பன் ஆக்சஸ்’ எனப்படும் திறந்த அணுக்க இயக்கம். 2002-இல் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம் அதன் முக்கியமான மைல்கல். இந்த முறையில் வாசகர் பணம் தராததால், செலவை ஈடுகட்டச் சில இதழ்கள் எழுதியவரிடமோ அவருடைய நிறுவனத்திடமோ கட்டணம் பெறுகின்றன. கட்டணமே பெறாத திறந்த அணுக்க இதழ்களும் ஏராளமாக உள்ளன. ‘நேச்சர்’ இதழே திறந்த அணுக்கத்தில் ஒரு கட்டுரையை வெளியிட 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தது.

சந்தாவில் நடக்கும் இதழ் மோசமான கட்டுரைகளை வெளியிட்டால் நூலகங்கள் சந்தாவை நிறுத்திவிடும் என்ற அச்சம் இருந்தது. எழுதுபவரே பணம் தரும்போது, அந்தப் பணத்துக்கு ஆசைப்படுபவருக்கு எந்தக் கட்டுரையையும் மறுக்க மனம் வராது. அந்தப் பிளவில்தான் போலி இதழ்கள் நுழைந்தன. பின்லாந்து ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, இத்தகைய இதழ்களில் 2010-இல் ஏறத்தாழ 53,000 கட்டுரைகள் வந்தன. 2014-இல் அது 4,20,000 ஆகியது. அவற்றில் ஒரு கட்டுரைக்கான சராசரிக் கட்டணம் 178 டாலர் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். 9,500 யூரோவையும் 178 டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆய்வு நிதி ஏதுமின்றிச் சொந்தப் பணத்தில் கட்டுரை வெளியிட வேண்டிய ஒருவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டண விலக்கு தரும் நல்ல இதழ்கள் பல உண்டு என்பதும், கேட்டால்தான் அது கிடைக்கும் என்பதும் அவரிடம் போய்ச் சேர்வதில்லை.

கேள்வி: நான் ஆய்வுலகத்தைச் சேர்ந்தவன் அல்லன். எங்கோ ஒருவர் படிக்கப்படாத இதழில் கட்டுரை எழுதினால், என்னைப் போன்ற பொதுமக்களுக்கு அதனால் என்ன இழப்பு?

பதில்: நீங்கள் எப்போதாவது ஒரு மருத்துவ ஆய்வில் பங்கேற்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால், உங்களுக்கு நேரடியாகவே இழப்பு இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று, போலி இதழ்கள் எனக் கருதப்பட்டவற்றில் வெளியான 1,907 மருத்துவ, உயிரியல் கட்டுரைகளை எடுத்துப் படித்து, 2017-இல் ‘நேச்சர்’ இதழில் தன் முடிவுகளை வெளியிட்டது. அக்கட்டுரைகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களிடமிருந்தும் 8,000-க்கும் மேற்பட்ட விலங்குகளிடமிருந்தும் பெற்ற தரவுகள் இருந்தன. அந்த மனிதர்கள், தங்களுக்கு நேரும் தொல்லை எதிர்கால நோயாளிகளுக்காவது உதவட்டும் என்று நம்பி ஒப்புதல் தந்தவர்கள். அவர்களைப் பற்றிய ஆய்வு, முறையாகத் தேடப்படும் தரவுத்தளங்களில் இடம்பெறாத, நாளை வலைத்தளமே காணாமற்போகக்கூடிய ஓர் இதழில் புதைந்துவிட்டால், அந்த ஒப்புதல் அவமதிக்கப்படுகிறது. இந்தச் செய்தியில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். மோசமான ஆய்வு அங்கே போய்ச் சேர்ந்தால் அதையாவது பொறுத்துக்கொள்ளலாம்; ஒருவேளை நல்ல ஆய்வாக இருந்து, அதுவும் அங்கே போய் முடிந்திருந்தால், அந்த அறிவு எவருக்கும் பயன்படாமற்போகிறது.

அதே ஆய்வு வேறொரு தவறான எண்ணத்தையும் திருத்தியது. வளம் குறைந்த நாடுகளின் ஆய்வாளர்கள்தான் இந்த வலையில் விழுகிறார்கள் என்று பலரும் நம்பிவந்தார்கள். அந்தக் கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவை, உலக வங்கி உயர் வருவாய் நாடுகள், உயர்நடுத்தர வருவாய் நாடுகள் என வகைப்படுத்தும் நாடுகளிலிருந்து வந்தவை. நிதி தந்தவர்களாகக் குறிப்பிடப்பட்டிருந்த அமைப்புகளுள் அதிக முறை இடம்பெற்றது அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம்.

இன்னொரு வகைத் தீங்கும் உண்டு. மதிப்பாய்வு செய்யப்படாத ஒரு மருத்துவக் கூற்று, ‘சர்வதேச ஆய்விதழில் வெளியானது’ என்ற அடையாளத்தோடு விளம்பரத்திலும் செய்தியிலும் ஏறிவிட்டால், சாதாரண வாசகர் அதை வேறுபடுத்தி அறிய வழியில்லை. இணையத் தேடலில் இரண்டு வகைக் கட்டுரைகளும் ஒரே தோற்றத்தில்தான் வந்து நிற்கின்றன.

கேள்வி: புகழ்பெற்ற நிறுவனங்களின் இதழ்களிலும் மோசமான கட்டுரைகள் வெளிவருகின்றனவே. அப்படியானால் நல்ல இதழுக்கும் போலி இதழுக்கும் இடையில் கோடு எங்கே இருக்கிறது?

பதில்: கூர்மையான கோடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அறிவியல் செய்தியாளர் ஜான் போஹானன் 2013-இல் ஒரு சோதனை செய்தார். கற்பாசி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த வேதிப்பொருள் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுப்பதாகச் சொல்லும் பொய்க் கட்டுரை ஒன்றை, துறை அறிந்த எவரும் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடக்கூடிய பிழைகளோடு எழுதி, இல்லாத நிறுவனங்களில் பணியாற்றும் இல்லாத ஆய்வாளர்களின் பெயரில் 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. 98 இதழ்கள் மறுத்தன. ஏற்றவற்றுள் உலகறிந்த பெரும் பதிப்பு நிறுவனங்களின் இதழ்களும் இருந்தன. அதே சமயம், கட்டணம் பெறும் ‘ப்ளாஸ் ஒன்’ இதழ் அதைக் கவனமாகச் சோதித்து மறுத்தது. அவர் சந்தா இதழ்களுக்கு அனுப்பாததால் ஒப்பிட இயலவில்லை என்ற குறை அந்தச் சோதனைக்கு உண்டு. அந்தக் குறை நியாயமானதே.

போலந்து ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனை இந்த வகையில் கூடுதல் தெளிவைத் தருகிறது. அவர்கள் ‘அன்னா ஓ. ஸ்ஸுஸ்ட்’ என்ற பெயரில் தகுதியே இல்லாத ஒரு கற்பனை அறிஞரை உருவாக்கி, இதழாசிரியர் பதவி கேட்டு 360 இதழ்களுக்கு விண்ணப்பித்தார்கள். ‘ஓஸுஸ்ட்’ என்றால் போலந்து மொழியில் ஏமாற்றுக்காரர் என்று பொருள். போலி என்று தாம் ஐயப்பட்ட இதழ்களை ஜெஃப்ரி பீல் தொகுத்த பட்டியலிலிருந்து எடுத்த 120 இதழ்களில் 40 இதழ்கள் அவருக்குப் பதவி கொடுத்தன. திறந்த அணுக்க இதழ்களின் கோவையான ‘டி.ஓ.ஏ.ஜே.’யிலிருந்து எடுத்த 120-இல் 8 இதழ்கள் கொடுத்தன. அதிகாரபூர்வமான இம்பாக்ட் ஃபேக்டர் கொண்ட 120 இதழ்களில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கோடு மங்கலாக இருந்தாலும், அதன் இரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகப் பெரியது.

கேள்வி: நான் ஆய்வு மாணவி. என் நெறியாளர் ஒரு குறிப்பிட்ட இதழின் பெயரைச் சொல்லி, பணம் கட்டி உடனே கட்டுரையை வெளியிடச் சொல்கிறார். அது போலி என்று எனக்குத் தோன்றுகிறது. அவரை எதிர்த்துப் பேச எனக்குத் துணிவில்லை. நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் பட்டம் அவர் கையெழுத்தைச் சார்ந்திருக்கும்போது துணிவில்லை என்று நீங்கள் சொல்வதில் குற்றம் காண எனக்கு உரிமையில்லை. எதிர்த்துப் பேசுவதற்குப் பதிலாக, அவரும் பார்க்கக்கூடிய சான்றுகளைத் தேடி வையுங்கள். அந்த இதழில் அண்மையில் வந்த மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். ஒரே இதழில் பல் மருத்துவமும் கட்டடப் பொறியியலும் இலக்கியமும் கலந்து கிடந்தாலே ஐயப்பட வேண்டும். பெற்ற தேதி, ஏற்ற தேதி இரண்டையும் பாருங்கள். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் இடம்பெற்றிருப்பதாக இதழ் சொன்னால், இதழின் தளத்தில் தேடாமல் அந்தத் தரவுத்தளங்களுக்கே நேரடியாகச் சென்று தேடுங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் முகவரியை அவருடைய பல்கலைக்கழகத் தளத்திலிருந்து எடுத்து, மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அவர் மறுமொழி எழுதினால் அது உங்கள் கையில் வலுவான சான்று. ‘திங்க், செக், சப்மிட்’ என்ற பெயரில் 2015 முதல் இயங்கிவரும் இலவசக் கேள்விப் பட்டியல் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. அதை நிரப்பி நெறியாளரிடம் காட்டுவது, ‘நீங்கள் சொல்வது தவறு’ என்று சொல்வதைவிட எளிது.

பட்டியல்களை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்றும் சொல்லிவைக்கிறேன். பீலின் பட்டியல் 2017 ஜனவரியில் நீக்கப்பட்டுவிட்டது. அதன் பழைய படிகளை வைத்துக்கொண்டு இன்றைய இதழ்களை மதிப்பிட முடியாது. நல்ல இதழ்களைப் பட்டியலிடும் டி.ஓ.ஏ.ஜே.யே தன் விதிகளைக் கடுமையாக்கி, 2016-இல் ஏறத்தாழ 3,300 இதழ்களை நீக்கியது. உங்கள் நூலகரைப் போய்ப் பாருங்கள். இந்த விஷயத்தில் பல நெறியாளர்களைவிட நூலகர்களுக்குத் தெளிவு அதிகம். அவர்களிடம் போய்க் கேட்கும் மாணவர்கள்தான் குறைவு.

உங்கள் நெறியாளரும் ஏமாந்தவராக இருக்கலாம் என்ற வாய்ப்பை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள். அவர் அறிந்தே சொல்கிறார் என்று தெரியவந்தால், ஆய்வுக் குழுவில் உள்ள வேறொரு மூத்தவரிடம் நீங்கள் திரட்டிய சான்றுகளோடு தனியே பேசுவது உங்களுக்குப் பாதுகாப்பானது.

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் தெரியாமல் இப்படி ஓர் இதழில் எழுதிவிட்டேன். அந்தத் தரவுகள் என் இரண்டு ஆண்டு உழைப்பு. திரும்பப் பெற முடியுமா? வேறு நல்ல இதழில் அதையே வெளியிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் வருந்தினேன். திரும்பப் பெறும் கோரிக்கையை எழுத்தில் அனுப்புங்கள்; தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நீக்குவதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் இதழ்கள் உண்டு. அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்பது என் அறிவுரை. கட்டிய பிறகும் கட்டுரையை நீக்காதவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பதிப்புரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தீர்களா என்று பழைய மின்னஞ்சல்களில் தேடிப் பாருங்கள். கையெழுத்திட்ட உரிமை மாற்றம் எதுவும் இல்லையென்றால் உங்கள் நிலை சற்று வலுவானது.

அதே கட்டுரையை ஒன்றும் சொல்லாமல் வேறோர் இதழுக்கு அனுப்பிவிடாதீர்கள். முன்னதைப் புதிய இதழ் கண்டுபிடித்தால், ஒரே கட்டுரையை இரு முறை வெளியிட்ட குற்றம் உங்கள்மீது விழும். நீங்கள் ஏமாற்றப்பட்டவர் என்பதை அப்போது யாரும் கேட்கமாட்டார்கள். கட்டுரையை அனுப்பும் முன்பே புதிய இதழின் ஆசிரியருக்கு நடந்ததை மறைக்காமல் எழுதி, முறையான மதிப்பாய்வு இன்றி வெளியான ஒன்றை மீண்டும் பரிசீலிக்க இயலுமா என்று கேளுங்கள். சிலர் மறுப்பார்கள். சிலர், தரவுகளை விரிவாக்கி, புதிய பகுப்பாய்வு சேர்த்து, முன்னதைக் கட்டுரைக்குள்ளேயே வெளிப்படையாகக் குறிப்பிட்டு அனுப்பச் சொல்வார்கள். இரண்டு ஆண்டு உழைப்பைக் காப்பாற்ற இந்த வழியில் இன்னும் சில மாதங்கள் செலவாகும். செலவிடலாம் என்றே நினைக்கிறேன்.

தன்விவரக் குறிப்பில் அதைச் சேர்ப்பதா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கட்டுரைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் யாராவது அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டால், எந்த ஆண்டு, எந்த மின்னஞ்சலை நம்பி, எவ்வளவு பணம் கட்டினீர்கள் என்பதை எனக்கு எழுதியது போலவே அவர்களிடமும் சொல்லுங்கள். உங்கள் துறையின் இளைய மாணவர்களிடம், அவர்கள் கேட்காமலே அதைச் சொல்லுங்கள். அந்த இதழின் பெயரிட்ட அழைப்புக் கடிதம் இந்த வாரம் அவர்களில் ஒருவருக்கு வந்திருக்கக்கூடும்.